வினாவும் விடையும்: ஆயிர மசலாவும் சமய உரையாடலின் அறமும்

முன்னுரை

பாயான் பாரு, பினாங்குத் தீவின் தென்பகுதியில் 1970களில் உருவான புதுநகரமாகும். 1972இல் தொடங்கப்பெற்ற பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தின் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோர் பலர் இங்குக் குடியேறினர். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே அடுக்குமாடியில் வாழ்வதும், தமிழ் பேசும் இந்துவும் தமிழ் பேசும் முஸ்லிமும் ஒரே வேலைமுறையில் பணி முடித்துத் திரும்புவதும் இவ்வூரில் இயல்பான காட்சிகள். இக்கட்டுரையாளர் குடியிருப்பதும் இவ்வூரிலேயே.

சில மாதங்களுக்கு முன்னர் இங்குள்ள நாசி கண்டார் கடையொன்றில், இரவுப் பணி முடித்து வந்த இரு தமிழ் இளைஞர் இஸ்லாம் பற்றி வாதிடுவதைக் கேட்க நேர்ந்தது. ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. 'இத்தனை கோடி மக்கள் ஏற்றுக்கொண்ட மார்க்கம் பொய்யாகுமா?' என்றார் முதலாமவர். 'அதனினும் பழைமையானது எங்கள் சமயம். பழைமையே அதன் மெய்ம்மைக்குச் சான்று' என்றார் இரண்டாமவர். பின்னர் ஒருவர் செய்தித்தாளில் வந்த குற்றச் செயலொன்றை எடுத்துக்காட்டினார். மற்றவர் புராணக் கதையொன்றை எள்ளினார். தொடக்கத்தில் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று அழைத்தவர்கள், கால் மணி நேரத்தில் 'நீங்கள்' என்று பேசத் தலைப்பட்டனர். மரியாதைச் சொல் வந்து நட்பின் முறிவைக் காட்டிய இடம் அது. அவரவர் தத்தம் தேநீருக்குத் தனித்தனியே பணம் கொடுத்துவிட்டு வெளியேறினர்.

பினாங்கு மக்கள் இத்தகைய நிகழ்ச்சியைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1998ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜார்ஜ் டவுனை ஒட்டிய கம்போங் ராவாவில் அருகருகே அமைந்த கோயிலையும் பள்ளிவாசலையும் முன்னிட்டு எழுந்த பூசல் கலவரமாக மாறியதை இத்தீவில் வாழ்ந்தோர் மறந்திலர். சமயம் பற்றிப் பேசாதிருத்தலே பாதுகாப்பு என்னும் எண்ணம் அதன்பின் பலரிடம் வலுப்பெற்றது. ஆயினும் அண்டைவீட்டாரின் சமயத்தைப் பற்றி ஒன்றும் கேளாமல் ஒரு வாழ்நாளைக் கழிப்பது அறிவுக்கும் நட்புக்கும் இழப்பேயாகும்.

இஸ்லாத்தைப் பற்றி மதிப்புடனும் தருக்கப் பிழையின்றியும் உரையாடுதற்குரிய கருவிகள் தமிழ் மரபிலும் இஸ்லாமிய மரபிலும் முன்னரே உள்ளன என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். மதிப்பும் தருக்கமும் இருவேறு பண்புகள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. வாதப் பிழை என்பது எதிரிலிருப்பவர்க்கு இழைக்கும் அநீதியும் ஆகும் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்தாகும். இதற்கு 16ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூலொன்று சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஆயிர மசலா

இஸ்லாம் பற்றிய கேள்வியும் விடையுமே பொருளாக அமைந்த நூல் ஒன்று தமிழில் உண்டு. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா' என்பது அது. 'அதிசய புராணம்' என்பது அதன் மற்றொரு பெயர். 1572ஆம் ஆண்டில், நாயக்கர் ஆட்சிக்காலத்து மதுரையில், புலவர் அவையில் இது அரங்கேறியதாகக் கூறப்படுகிறது. இதற்கு முற்பட்ட 'பல்சந்தமாலை'யில் சில பாடல்களே, களவியற்காரிகை உரையில் மேற்கோளாக எஞ்சியுள்ளன. எனவே முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது ஆயிர மசலாவே என ஆய்வாளர் கொள்வர்.

'மசலா' என்பது வினா அல்லது ஆராய்தற்குரிய பொருள் என்னும் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். யூதர்களின் அறிஞரான அப்துல்லா இப்னு சலாம் நபிகள் நாயகத்தை அணுகிப் பல வினாக்களைத் தொடுக்கிறார். படைப்பு, வானவர், சுவர்க்கம், நரகம், மறுமை ஆகியன பற்றியும் விடுகதை போன்ற புதிர்கள் பற்றியும் அவர் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் விடை பெற்று நிறைவுற்றபின் இஸ்லாத்தைத் தழுவுகிறார். அரபு மொழியில் தோன்றிய இக்கதை பாரசீகம், மலாய், சாவகம் முதலிய மொழிகளிலும் வழங்கியது.

இந்நூலில் வினவுவோரின் நிலை நம் கருத்துக்குரியது. அவர் பிற சமயத்தவர். ஆயினும் மூடராகவோ கெடுமதியாளராகவோ படைக்கப்படவில்லை. தம் மறையைக் கற்றுத் தேர்ந்தவராகவும், தம் மக்களால் மதிக்கப்பட்டவராகவும் வருகிறார். வினவுதல் இங்கே அவமதிப்பாகக் கொள்ளப்படவில்லை. ஒரு வினாவுக்கு விடை கிடைத்தபின்னரே அடுத்த வினா எழுகிறது. விடை தம் மறையோடு ஒத்திருப்பின் அதனை ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்குவதில்லை. ஒரு சமயத்தின் உண்மையைப் பிற சமயத்தவர் ஒருவரின் கேள்விகள் வழியாகவே விளக்கலாம் என்னும் எண்ணம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் தொடக்கத்திலேயே காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

ஒரு கதை, இருவேறு வாசிப்பு

இதே கதை ஐரோப்பாவிலும் வாசிக்கப்பட்டது. குளூனி மடத்துத் தலைவர் பீட்டர் என்பார் 1142இல் ஸ்பெயின் சென்று, இஸ்லாமிய நூல்கள் சிலவற்றை இலத்தீனில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தார். கெட்டன் ஊரினரான இராபர்ட் திருக்குர்ஆனை 1143இல் மொழிபெயர்த்து முடித்தார். அப்துல்லா இப்னு சலாமின் வினாக்களைக் கரிந்தியா நாட்டவரான எர்மன் மொழிபெயர்த்தார். இத்தொகுப்பைத் தியோடர் பிப்லியாண்டர் 1543இல் பாசல் நகரில் அச்சிட்டார்.

மதுரையில் ஆயிர மசலா அரங்கேறுவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னரே அதன் இலத்தீன் வடிவம் அச்சேறிவிட்டது. ஆயினும் இரண்டின் பயன்பாடும் வேறு. தமிழிலும் மலாயிலும் அது சமயத்தைக் கற்பிக்கும் நூலாயிற்று. மலாயில் 'ஹிகாயத் செரிபு மஸாலா' என்னும் பெயரில் அது வழங்கியது. இலத்தீன் உலகிலோ இஸ்லாத்தை மறுப்பதற்குரிய சான்றாகவே அது பெரிதும் படிக்கப்பட்டது. விடுகதைகளையும் வியப்புச் செய்திகளையும் எடுத்துக்காட்டி, 'இதுவே இச்சமயத்தின் அறிவு' என்று முடிவுகட்ட அது பயன்பட்டது.

இங்கு நிகழ்ந்த பிழை யாது? மொழிபெயர்ப்பாளரின் மொழியறிவுக் குறை அன்று அது. முஸ்லிம் அறிஞர்கள் தம் கொள்கைக்கு அடிப்படையாகக் கொள்வன திருக்குர்ஆனும் நபிமொழித் தொகுப்புகளும் ஆகும். மக்களிடையே வழங்கிய வினாவிடைக் கதைக்கு அத்தகைய இடம் இல்லை. எதிரிலிருப்பவர் அளவுகோலாக ஏற்காத ஒன்றை வைத்து அவரை அளந்ததே அங்கு நேர்ந்த பிழை. நம் நாட்டார் கதை ஒன்றை மட்டும் படித்துவிட்டுச் சைவ சித்தாந்தம் முழுவதையும் மதிப்பிடுவோரை நாம் எவ்வாறு கருதுவோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் தன்மை விளங்கும்.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் இக்கட்டுரையாளர் தம் குறையையும் கூறுதல் கடன். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துத் திரும்பிய தொடக்க ஆண்டுகளில், வகுப்பொன்றில் நாகூர்க் கந்தூரியை விவரித்து, 'இஸ்லாத்தில் இறைநேசர் வழிபாடு இத்தகையது' என்று பொதுப்படக் கூறினார். வகுப்பு முடிந்ததும் முஸ்லிம் மாணவி ஒருவர் தயக்கத்துடன் வந்து, 'டாக்டர், எங்கள் வீட்டில் இதை வழிபாடு என்று சொல்லமாட்டார்கள். என் மாமா வீட்டில் கந்தூரியே கூடாது என்பார்கள். நீங்கள் சொன்னது யாருடைய இஸ்லாம்?' என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலவில்லை. பாசலில் அச்சிட்டவர் செய்த பிழையைப் பினாங்குத் தமிழர் ஒருவரும் செய்ய முடியும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

மணிமேகலை கூறும் போலிகள்

இப்பிழைகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய நூல் தமிழில் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னரே எழுந்ததாகப் பெரும்பாலோர் கருதுவர். மணிமேகலையின் 27ஆம் காதையில் மணிமேகலை வேற்றுருக் கொண்டு வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்தம் திறம் கேட்கிறாள். 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவையியலைக் கற்பிக்கிறார். முதலில் பிறர் கூறுவதைக் கேட்டல், பின்னரே அளக்கும் கருவியைப் பெறுதல் என்னும் இவ்வரிசை முறை நோக்கத்தக்கது.

அறவண அடிகள் வாதத்தை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு எனப் பகுத்து, அவற்றில் நேரும் குற்றங்களைப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்கிறார். பக்கம் என்பது நிறுவக் கருதும் மேற்கோள்; ஏது என்பது அதற்குக் கூறும் காரணம்; திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. சங்கரசுவாமியின் 'நியாயப் பிரவேசம்' என்னும் வடமொழி நூலுடன் இப்பகுதிக்கு நெருங்கிய உறவு உண்டு என்பர். பௌத்த சமயச் சார்பில் எழுந்ததாயினும் இக்கருவி எச்சமயத்தார்க்கும் பொதுவானது. பாயான் பாரு இளைஞரின் வாதத்தை இதனைக்கொண்டு ஆராயலாம்.

முதலாவது, அந்நியதராசித்தம். காட்டப்படும் ஏது, வாதிடும் இருவருள் ஒருவர்க்கு உடன்பாடு இல்லாததாக இருத்தல் இதன் இலக்கணம். 'எங்கள் மறையில் எழுதப்பட்டுள்ளது. ஆகவே நீங்கள் ஏற்க வேண்டும்' என்பது இவ்வகையினது. மறையை ஏற்றவர்க்கு அது வலிய சான்று. ஏற்காதவர்க்கு அது இன்னும் நிறுவப்படாத கூற்று. இலத்தீன் வாசகர் ஆயிர மசலாக் கதையைக் கையாண்ட முறையும் இதனோடு ஒத்ததே.

இரண்டாவது, சாதாரணம் என்னும் அநைகாந்திகம். ஏதுவானது நிறுவக் கருதும் பொருளுக்கும் அதன் எதிர்ப்பொருளுக்கும் பொதுவாக இருத்தல் இது. 'ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது' என்பது நூலில் வரும் எடுத்துக்காட்டின் கருத்து. நிலையான பொருளும் அறியப்படுவதே. நிலையற்ற குடமும் அறியப்படுவதே. எனவே அறியப்படுதல் எதனையும் முடிவு செய்யாது. பின்பற்றுவோர் எண்ணிக்கையும் அத்தகையது. ஒன்றோடொன்று முரண்படும் சமயங்கள் பலவும் பெருந்தொகையினரைப் பெற்றுள்ளன. பழைமையும் அவ்வாறே; மெய்யும் பழைமையாகலாம், பொய்யும் பழைமையாகலாம். இருவரும் ஒரே போலியை இரு திசையிலிருந்து கையாண்டனர் என்பதை அவர்கள் அறிந்திலர்.

மூன்றாவது, திட்டாந்தப் போலி. எடுத்துக்காட்டு, காட்டக் கருதியதைக் காட்டாமை இது. செய்தித்தாளில் வந்த குற்றவாளி முஸ்லிம் என்பதால் குற்றம் இஸ்லாத்தின் விளைவாகாது. குற்றத்துக்கும் கொள்கைக்கும் உள்ள தொடர்பு தனியே நிறுவப்படவேண்டும். அது நிறுவப்படாதவரை எடுத்துக்காட்டு பழிச்சொல்லாகவே நிற்கும்.

நான்காவது, சுவசன விருத்தம். தன் கூற்றையே தான் மறுத்தல் இது. தன் தாயை மலடி என்பவன் கூற்று இதற்கு நூல் தரும் எடுத்துக்காட்டு. 'சமயத்தை அறிவால் அளக்கக் கூடாது' என்று கூறிக்கொண்டே பிறர் சமயத்தை அறிவுக்குப் பொருந்தாதது என்பவர் இப்போலிக்கு உரியவர். இது எச்சமயத்தாரிடமும் காணப்படுவது.

ஐந்தாவதாக, விருத்த வியபிசாரி என்பதனைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். இரு தரப்பும் தத்தம் ஏதுவைக் காட்டி, ஒன்றையொன்று வீழ்த்த இயலாமல் ஐயத்தில் நிற்கும் நிலை இது. இங்கு முடிவு பெறப்படவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. சமய வாதங்கள் பல வந்து நிற்குமிடம் இதுவே. அவ்விடத்தை அறிந்து நிறுத்துவோர் தோற்றவர் ஆகார்.

இவ்வைந்தையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அந்நியதராசித்தம் எதிரிலிருப்பவரின் உடன்பாட்டைப் புறக்கணிக்கிறது. சாதாரணம் தனக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என அளக்கத் துணைபோகிறது. திட்டாந்தப் போலி ஒருவர் செய்ததற்குப் பலரைப் பொறுப்பாக்குகிறது. எனவே இவை அறிவின் பிழைகளாக இருப்பதுடன் ஒழுக்கத்தின் பிழைகளாகவும் உள்ளன.

இஸ்லாமிய மரபில் வாத ஒழுக்கம்

தருக்க நெறி இஸ்லாத்துக்குப் புறம்பானது என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 125ஆம் வசனம், அறிவார்ந்த முறையிலும் நல்லுரையாலும் அழைக்கவும், மிக அழகிய முறையில் வாதிடவும் பணிக்கிறது. 29ஆம் அத்தியாயம் 46ஆம் வசனம் வேதம் பெற்ற பிற சமயத்தாரோடு வாதிடுதற்கும் இதே நெறியைக் கூறுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த சம்சுத்தீன் சமர்கந்தி, வாத ஒழுக்கம் பற்றித் தனி நூலே எழுதினார். கூற்றை முன்வைப்பவர் யார், வினவுபவர் யார், சான்று காட்டும் பொறுப்பு எவருடையது, வாதம் எப்போது முடிகிறது என்பன போன்றவற்றை அத்துறை வரையறுத்தது.

பிற சமயத்தை எழுதுவது எவ்வாறு என்பதற்கு அல்பிரூனி நல்ல முன்மாதிரி. ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அவர், தம் நூல் மறுப்பு நூல் அன்று என்றும், இந்துக்கள் கூறுவதை அவர்கள் கூறியவாறே தருவதாகவும் தம் முன்னுரையில் தெளிவுபடுத்தினார். அதற்காக வடமொழியும் கற்றார்.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) இதனினும் வியப்பான எடுத்துக்காட்டு. தத்துவவாதிகளை மறுக்க எண்ணிய அவர், அவர்தம் கொள்கைகளைத் திரிபின்றி எடுத்துரைக்கும் நூலொன்றை எழுதினார். ஒரு துறையில் வல்லாரின் அளவுக்கு அதனைக் கற்ற பின்னரே அதன் குறையைக் கூறவியலும் என்பது அவர் கொள்கை. அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனாக்கம் பெற்றது. நோக்கத்தை விளக்கும் முன்னுரை பெரும்பாலும் இன்றி வழங்கிய அதனைப் படித்த ஐரோப்பியர் பலர், கஸ்ஸாலியையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராகக் கருதிவிட்டனர். மறுக்கவந்தவரையே மறுக்கப்பட்ட கொள்கையின் ஆதரவாளர் என்று பிறர் எண்ணுமளவுக்கு எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைத்தார் என்பது பெரும் புகழ்ச்சியேயாகும்.

நூல்களின் எல்லையும் நம் சூழலும்

மேற்கண்ட நூல்களை மிகைப்படப் புகழ்வதும் ஆய்வாகாது. ஆயிர மசலாவில் வினவுவோர் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவுவார் என்பது தொடக்கத்திலேயே உறுதி. மணிமேகலையில் பௌத்தம் வெல்லும். நீலகேசியில் சமணம் வெல்லும். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சைவ சித்தாந்தம் வெல்லும். எதிர்த்தரப்பின் சொற்களை எழுதியவரும் ஆசிரியரே. உண்மையான உரையாடலிலோ எதிரிலிருப்பவர் தம் சொற்களைத் தாமே பேசுவார். இணங்காமலும் எழுந்து செல்வார். எனவே இந்நூல்களிலிருந்து நாம் கொள்ளத்தக்கது வெற்றியன்று. வினாவின் மதிப்பும் அளவையின் பொதுமையுமே.

மலேசியச் சூழல் பற்றியும் வெளிப்படையாகக் கூறவேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாகக் கூறி, பிற சமயங்களை அமைதியுடன் பின்பற்ற வகை செய்கிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த 11ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இடமளிக்கிறது. இதனால் உரையாடல் சமதளத்தில் நிகழவில்லை என்னும் மனக்குறை முஸ்லிம் அல்லாதாரிடம் உண்டு. அதனை ஆராய்வதற்குச் சட்டம், அரசியல் ஆகிய களங்கள் உள்ளன. அக்குறையை இஸ்லாமியக் கொள்கை பொய் என்பதற்கு ஏதுவாகக் காட்டுதல் பொருந்தாது. அவ்வாறே, சட்டம் தரும் இடத்தைத் தம் கொள்கை மெய் என்பதற்கு ஏதுவாக முஸ்லிம்கள் காட்டுதலும் பொருந்தாது. தவிரவும், ஒருவர் தம் சமயத்தை அண்டைவீட்டார்க்கு விளக்குவதற்கும் அவரைத் தம் சமயத்துக்கு அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இருதரப்பாரும் உணர்ந்திருத்தல் நலம்.

முடிவுரை

1801இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் ஜார்ஜ் டவுனில் நடந்து செல்லும் தொலைவிலேயே நிற்கின்றன. சுற்றுலா நூல்கள் இதனை நல்லிணக்கத்தின் அடையாளம் என்கின்றன. கட்டடங்கள் அருகருகே நிற்பது ஒரு பேறே. அவற்றிலிருந்து வெளிவரும் மக்கள் ஒருவரையொருவர் வினவ அஞ்சுவாராயின் அப்பேறு முழுமை பெறாது.

இக்கட்டுரை ஆராய்ந்த நூல்களிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். எதிரிலிருப்பவர் கொள்கையை அவரே 'ஆம், நான் கூறுவது இதுவே' என ஒப்பும் வகையில் முதலில் எடுத்துரைத்தல். அவரும் ஏற்கும் சான்றைக் கொண்டே அவரோடு வாதிடுதல். தம் சமயத்துக்குப் பொருத்த விரும்பாத அளவுகோலைப் பிறர் சமயத்துக்குப் பொருத்தாமை. முதலாவதைக் கஸ்ஸாலியிடமும், ஏனைய இரண்டை அறவண அடிகளிடமும் கற்கலாம்.

பாயான் பாருவின் அவ்விரு இளைஞரையும் அண்மையில் அதே கடையில் மீண்டும் காண நேர்ந்தது. ஒரே மேசையில் அமர்ந்திருந்தனர். 'மச்சான்' என்னும் அழைப்பும் திரும்பியிருந்தது. வேலைமுறை மாற்றம் பற்றியும் பந்தாட்டம் பற்றியும் பேசினர். சமயம் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. நட்பு மீண்டது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் முன்னர் அவர்களிடம் ஒருவரையொருவர் அறியும் ஆவல் இருந்தது. தவறாகக் கேட்கப்பட்டதனால் அக்கேள்விகள் கைவிடப்பட்டன. அவற்றைச் சரியாகக் கேட்கக் கற்பித்திருக்க வேண்டியவர்கள், மணிமேகலையையும் ஆயிர மசலாவையும் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நம்மைப் போன்றோரே.